பெரிய வெள்ளிக்கு நான்கு குரலா, கீர்த்தனையா?

பாறசாலை டெனர்: நம் சபைப் பாடகர் குழுவுக்கான லெந்து (தவக்கால) பாடல்களை இந்த வாரமே முடிவு செய்தாக வேண்டும். பெரிய வெள்ளியன்று, முள்முடி சூடிய சிரசைப் பாடும் பாமாலையை, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் அமைத்த நான்கு குரலில், அதாவது பெண்களின் சோப்ரானோ, ஆல்டோவும் ஆண்களின் டெனர், பாஸும் சேர, ஆர்கன் இல்லாமல் பாடலாம் என்கிறேன். வயலினும் தபலாவுமாகக் கீர்த்தனை பாடினால் துக்க நாள் கச்சேரி ஆகிவிடுகிறது.

களியக்காவிளை வாசி: கச்சேரி என்று பழிப்பதற்கு முன் உங்கள் மெட்டின் பூர்வீகத்தைப் பாருங்கள் ஐயா. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட காதல் பாட்டு அது. அதைச் சிலுவையடியில் பாடலாம், நம் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனை மட்டும் ஆகாதா? நான்கு குரலில் பாடினால் சொல்லும் புரியாது, சபையும் வாய்மூடி உட்கார்ந்திருக்கும்.

பாறசாலை டெனர்: சொல் புரியாது என்பது தவறு. குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் பாட்டு அல்ல இது. நான்கும் ஒரே சொல்லைச் சேர்ந்தே சொல்கின்றன. ‘மத்தேயு பாடுகள்’ என்ற இசைப் படைப்பில் பாக் இந்த மெட்டை ஐந்து முறை கொண்டுவருகிறார். மெட்டு அதேதான், துணைக்குரல்கள்தாம் மாறுகின்றன. கிறிஸ்து உயிர்விட்டவுடன் வரும் கடைசி முறையைக் கேளுங்கள், பிறகு தபலாவைப் பற்றிப் பேசலாம்.

களியக்காவிளை வாசி: கேட்டிருக்கிறேன். அங்கேயும் வாத்தியங்கள் குரலோடு சேர்ந்தே ஒலிக்கின்றன. பாக் நிறுத்தாததை நீங்கள் நிறுத்துகிறீர்கள்! என் முக்கியக் குறை வேறு. ஜெர்மன் மெட்டில் தமிழைத் திணித்தால் குறில் நீள்கிறது, நெடில் நறுக்கப்படுகிறது. கீர்த்தனையில் அந்தச் சண்டையே இல்லை. பல்லவியை எடுத்துக் கொடுத்தால் போதும், புத்தகம் இல்லாத பாட்டியும் திருப்பிப் பாடுவார்.

ஆல்டோ அக்கா: நம் குழுவில் டெனர் இரண்டே பேர், அதில் ஒருவர்தான் இந்த யோசனையைச் சொன்னவர். பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படிப்பவர்கள். தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பாட வைக்கிறோம். அவர்களுக்கு ஐந்து சரணமும் நான்கு குரலில் சொல்லிக்கொடுக்க முடியாது. முதலும் கடைசியும் சபையோடு ஒரே குரல், நடுவில் ஒரு சரணம் நான்கு குரல். சுருதியையும் குறையுங்கள். பாக்கே முதல் மூன்று முறையும் அரை அரைச் சுரமாக இறக்கியிருக்கிறார்.

பாறசாலை டெனர்: ஒரு சரணம் என்றாலும் சரி. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஏழாம் வார்த்தைக்குப் பிறகு அது வரட்டும். தபலா மட்டும் வேண்டாம்.

களியக்காவிளை வாசி: மற்ற ஆறு வார்த்தைகளுக்கும் கீர்த்தனை என்றால் ஒப்புக்கொள்கிறேன். வயலின் இருக்கும். தபலாவை ஆயரிடம் கேட்டுக்கொள்வோம், உங்களிடம் அல்ல.

ஆல்டோ அக்கா: அதற்கு முன் இரண்டு டெனரும் சனிக்கிழமைப் பயிற்சிக்கு நேரத்துக்கு வாருங்கள்.