பணம் தரும் சர்வே: மாதம் உண்மையில் எவ்வளவு தேறும்?

கதிர்_கோவை
மாதம் பதினைந்தாயிரம் என்று அடித்துவிடும் யூடியூப் காணொளிகள் ஒரு பக்கம், ஆன்லைன் சர்வே என்றாலே மோசடி என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஒழுங்காகச் செய்தால் மொபைல் ரீசார்ஜ், கேஸ் சிலிண்டர் அளவுக்குப் பணம் நிச்சயம் வரும்.

பலர் கோட்டை விடுவது சர்வே தளத்தில் நம்மைப் பற்றி நிரப்பும் ப்ரொஃபைலில்தான். பிறந்த தேதி, பின்கோடு, வீட்டில் எத்தனை பேர், என்ன வண்டி என எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி நிரப்புங்கள். சர்வேக்குள் போனதும் அதே கேள்விகள் மறுபடி வரும். ப்ரொஃபைலில் 34 வயது, இங்கே 36 என்றால் அந்த இடத்திலேயே வெளியே தள்ளிவிடும். ஒரே வைஃபையில் இரண்டு கணக்கு வேண்டாம். பல தளங்களில் வீட்டுக்கு ஒன்றுதான். இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு அமெரிக்காவில் இருப்பதாகக் காட்டினால், பிறகு பணமாக மாற்றும் பாயிண்ட் சேரும்வரை விட்டுவைத்து, பணம் எடுக்கப் போகும்போது கணக்கை முடக்குவார்கள். அடையாளச் சோதனை பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது.

செல்வி_மதுரை
கதிர், நீங்கள் சொன்ன எதுவும் தப்பில்லை. ஆனால் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லையே.

15 நிமிட சர்வே, 40 சென்ட் என்று வைப்போம். அது கிடைப்பதற்குள் மூன்று சர்வேயில் தலா 4 நிமிடம் பதில் சொல்லிவிட்டு வெளியேற வேண்டியிருக்கும். அது 12 நிமிடம். தேடுவதற்கும் பக்கம் திறப்பதற்கும் 3 நிமிடம். ஆக 30 நிமிடத்துக்கு 40 சென்ட். டாலர் 85 ரூபாய் என்றால் 34 ரூபாய், மணிக்கு 68. ஒரு நாளைக்கு இரண்டு முடித்தால் 68 ரூபாய். ஒரு நாள்கூட விடாமல் 30 நாள் செய்தால் 2,040. பதில் சரியில்லை என்று பத்தில் ஒன்றுக்கான பணத்தைத் தளம் பிறகு திரும்பப் பிடித்துக்கொண்டால் 1,836.

ஒப்பிட்டுப் பார்க்க, தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். "எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 544 வருமே" என்று யாரும் பெருக்க வேண்டாம். எட்டு மணி நேரத்துக்கு சர்வே கிடைக்காது.

கதிர்_கோவை
அந்த 12 நிமிடத்தைக் குறைக்கலாம் என்பதுதான் என் வாதம். ஏன் வெளியே தள்ளுகிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

ஆய்வு கேட்ட நிறுவனத்துக்கு 400 பேர் வேண்டும் என்றால் யார் வேண்டுமானாலும் 400 பேர் இல்லை. வயது, பாலினம், ஊர், வசதி என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை பேர் என ஒதுக்கீடு உண்டு. வசதியை அளக்க 2011இல் இங்கே ஒரு முறை கொண்டுவந்தார்கள்: வீட்டுச் செலவுக்கு அதிகம் தருபவர் என்ன படித்திருக்கிறார், பதினொரு பொருளில் எத்தனை வீட்டில் இருக்கின்றன. மின் இணைப்பு, மின்விசிறி, கேஸ் அடுப்பு, கலர் டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், டூவீலர், கார், ஏசி, விவசாய நிலம். இந்த இரண்டையும் வைத்து ஏ1 முதல் இ3 வரை ஒரு பிரிவில் போடுவார்கள். உங்கள் பிரிவுக்கான ஆட்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் "கோட்டா ஃபுல்". அது உங்கள் தவறில்லை. அதனால் மெயிலோ நோட்டிஃபிகேஷனோ வந்தவுடன் திறப்பவருக்கு இடம் கிடைக்கும், இரவில் மொத்தமாகத் திறப்பவருக்குக் கிடைக்காது.

"உங்கள் வீட்டில் யாராவது விளம்பரம், பத்திரிகை, சந்தை ஆய்வுத் துறையில் இருக்கிறார்களா" என்பதும் ஆளைக் கழிக்கும் கேள்விதான். இருந்தால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். ஒரு சர்வே போகட்டும். பொய் சொல்லி அடுத்த மாதம் வேறு பதில் கொடுத்தால் கணக்கே போகும்.

செல்வி_மதுரை
இவ்வளவையும் கேட்டுக்கொண்ட பிறகுதானே "நீங்கள் தகுதி பெறவில்லை" என்கிறார்கள்? படிப்பு, வீட்டுப் பொருட்கள், பின்கோடு எல்லாம் கொடுத்தாயிற்று. அதற்குச் சில தளங்கள் ஓரிரு சென்ட் தருகின்றன, பல தளங்கள் எதுவும் தருவதில்லை. என் கோபமே இதன்மேல்தான். ஸ்கிரீன் அவுட் ஆனாலும், அதாவது இப்படிப் பாதியில் வெளியே தள்ளினாலும், ஏதாவது தரும் தளமா என்று முதலில் பாருங்கள்.

திரும்பப் பிடிப்பது ஏன் என்பதையும் சொல்கிறேன். 15 நிமிட சர்வேயை 5 நிமிடத்துக்குள் முடித்தால் வேகம் என்று கழிப்பார்கள். கட்டக் கேள்விகளில் மேலிருந்து கீழ்வரை ஒரே நெடுவரிசையில் டிக் போட்டால் அதுவும் போச்சு. நடுவில் "இந்த வரியில் 'ஓரளவு உடன்படுகிறேன்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். இல்லாத பிராண்டின் பெயரைப் போட்டு, தெரியுமா என்று கேட்பார்கள். எழுதிப் பதில் சொல்லும் பெட்டியில் ஏஐ எழுதியதை ஒட்டினாலும் பிடிபடும். 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் போலி சர்வே பதில்களை விற்றதாக எட்டுப் பேர்மேல் குற்றம் சாட்டினார்கள். சொல்லப்படும் தொகை ஒரு கோடி டாலர். பதில்களை வாங்குபவர்கள் சலித்துப் பார்க்காமல் இருப்பார்களா?

பாரி
செல்வி அக்கா, சர்வேயை விட, சொன்ன வேலையைச் செய்தால் பாயிண்ட் தரும் ஆஃபரில் பணம் அதிகம். கேமில் 30 நாளுக்குள் இத்தனையாவது லெவல், ஆப் போட்டுப் பதிவு செய்வது போன்றவை. ஆனால் பாயிண்ட் ஏறாமல் போவதும் இதில்தான் அதிகம்.

ஆஃபர் தளம் தரும் லிங்க் வழியாகத்தான் கேம் இன்ஸ்டால் ஆனது என்பது கேம் நிறுவனத்திலிருந்து அந்தத் தளத்துக்குத் தகவலாகப் போக வேண்டும். லிங்கைத் தொட்டுவிட்டு பிறகு ப்ளே ஸ்டோரில் நீங்களாகத் தேடிப் போட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். முன்பு ஒருமுறை அந்த ஆப் அதே போனில் இருந்திருந்தால் புதிய பயனராகச் சேராது. விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் என்ற நெட் அமைப்பைப் போட்டிருந்தாலும், விளம்பர நிறுவனங்கள் போனை அடையாளம் காணும் விளம்பர ஐடியை அழித்திருந்தாலும் அதே கதி. அதனால் தடுப்பானை நிறுத்தி, லிங்க் தொட்டதிலிருந்து முதல்முறை ஆப் திறக்கும்வரை நெட் மாற்றாமல் இருங்கள். ஆஃபர் நிபந்தனை, இன்ஸ்டால் ஆன நாள், லெவல் தொட்ட திரை என மூன்று ஸ்கிரீன்ஷாட். இவை இல்லாமல் புகார் போட்டால் நிராகரிப்பார்கள்.

"2 ரூபாய் ட்ரையல்" ஆஃபரில் கவனம். அது யுபிஐ ஆட்டோபே, அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க நாம் தரும் அனுமதி (மேண்டேட்). ட்ரையல் முடிந்ததும் முழுச் சந்தா போகும். ஆப்பை நீக்கினால் போதாது, யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த மேண்டேட்டை ரத்து செய்ய வேண்டும்.

புதுவரவு
டெலிகிராமில், கூகுள் மேப்பில் ஹோட்டலுக்கு ரிவ்யூ போட்டால் 50 ரூபாய் என்று செய்தி வருகிறது. இதுவும் இதே மாதிரிதானா?

தணிகை
இல்லை தம்பி, தயவுசெய்து தொடாதீர்கள். முதல் நாள் 150, 200 உண்மையாகவே வரும். பிறகு "ப்ரீபெய்ட் டாஸ்க்", 1,000 கட்டினால் 1,300 என்பார்கள். அதுவும் வரும். அடுத்து 10,000, 50,000. அப்புறம் "டாஸ்க்கில் தவறு செய்துவிட்டீர்கள், வரி கட்டினால்தான் விடுவோம்". இதுமாதிரி பகுதிநேர வேலை மோசடித் தளங்கள் நூற்றுக்கும் மேல் 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. உங்களுக்கு வரும் அந்த முதல் 150 ரூபாய் இன்னொருவரிடம் பிடுங்கிய பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் உங்கள் வங்கிக் கணக்கும் முடங்கலாம். பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழைக்க வேண்டும்.

கதிர்_கோவை
தணிகை அண்ணன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நம்மிடம் ஒரு ரூபாய் கேட்டாலும் அது சர்வே தளமில்லை.

பணம் எடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்சத் தொகை சேர்ந்த அன்றே எடுங்கள். கணக்கு முடங்கினால் உள்ளே இருப்பது போய்விடும். பல தளங்கள் டாலரை அனுப்பும் பேபால் கணக்கில், பான் கார்டில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். டாலரை ரூபாயாக்கும்போது சந்தை விலையை விடக் குறைவாகத்தான் தருவார்கள். கூகுளின் சர்வே ஆப்பான கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் ஆண்ட்ராய்டில், ப்ளே ஸ்டோரில் மட்டும் செலவழிக்கும் ப்ளே கிரெடிட்டாக மட்டுமே தரும். வங்கிக்கு வராது, ஒரு வருடத்தில் காலாவதியாகும். கிஃப்ட் கார்டாக வாங்கினாலும் வருமானம்தான், வரிக் கணக்கில் "இதர வருமானம்" பகுதியில் காட்டுங்கள்.

செல்வி, உங்கள் 68 ரூபாயை மறுக்கவில்லை. பேருந்துக்கு நிற்கும் நேரத்தில் செய்பவருக்கு அது சும்மா போகும் நேரம்தானே?

செல்வி_மதுரை
பேருந்து வருவதற்குள் 15 நிமிட சர்வே முடிந்துவிடாது, கதிர். பாதியில் விட்டால் பல சர்வேயில் தொடர முடியாது. பேருந்து நிறுத்தத்துக்கு ஓரிரு நிமிட சர்வேதான் சரி, அதற்குக் கிடைப்பதும் சில ரூபாய்.

தொடங்க நினைப்பவர்கள் ஒரு வாரம் நோட்டில் நான்கு நெடுவரிசை போட்டு எழுதுங்கள்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஏறிய தொகை, பிறகு பிடித்த தொகை. ஸ்கிரீன் அவுட் ஆன சர்வேயையும் சேர்த்து எழுத வேண்டும். மணிக்கு எவ்வளவு வந்தது என்று இங்கே போடுங்கள். என் கணக்கை விட அதிகம் வந்தால் திருத்திக்கொள்கிறேன்.