இளைஞர் எழுச்சி நாளுக்குப் போய்வந்த அனுபவம்: நீங்களும் பகிருங்கள்

அக்டோபர் 15, கலாம் ஐயா பிறந்தநாள். 2015இல் அவர் மறைந்த பிறகு தமிழக அரசு அதை இளைஞர் எழுச்சி நாளாக அறிவித்தது. பெரும்பாலும் பேச்சுப்போட்டி, உறுதிமொழியோடு முடிந்துவிடும். 2022இல் பக்கத்துக் கல்லூரியில் நாள் முழுக்கத் தலைமைப்பண்புப் பயிற்சி என்றார்கள். எங்கள் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளை வேனில் கூட்டிப்போனேன்.

காலையில் குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை. மதியம் ஓர் ஊராட்சித் தலைவி வந்தார். மேடை ஏறாமல், நாற்காலியை இழுத்துப் பிள்ளைகள் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று பாடத்தில் படித்திருந்த ஒரு மாணவி சட்டென்று எழுந்தாள். "செக்ல நீங்களா கையெழுத்துப் போடுவீங்களா, வீட்டுக்காரர் சொன்னாத்தான் போடுவீங்களாம்மா?"

எனக்குப் பக்கென்றது. அவர் முகம் சுளிக்கவே இல்லை.

"ஆரம்பத்துல அவர்தான் எல்லாத்தையும் படிச்சுச் சொல்வாரு. துணைத்தலைவரும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் பணம் எடுக்க முடியும். எதுக்கு இந்தச் செலவுன்னு துணைத்தலைவர் ஒருநாள் கேட்டாரு, எனக்குச் சொல்லத் தெரியல. அன்னையிலிருந்து நானே கணக்கைப் படிக்க ஆரம்பிச்சேன்."

அப்புறம் மாதிரி கிராம சபை. கேள்வி கேட்ட அதே பெண் "எங்க தெருவுல தண்ணி வரல" என்றாள். "எந்தத் தெரு, எந்தக் குழாய், எப்போலேர்ந்து வரல? எழுது" என்றார். எழுதியதைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தார், சரியாக வரும்வரை. நான் வகுப்பில் இவ்வளவு பொறுமையாக யாரையும் எழுதவைத்ததில்லை.

நவம்பர் 1, உள்ளாட்சி தினக் கிராம சபைக்கு அந்தப் பெண் தன் அம்மாவோடு போனாள். இவளுக்கு ஓட்டு இல்லை. ஆகவே மனு அம்மா பெயரில், எழுத்து மகளுடையது. வாசித்தது அம்மா. அவர் அதற்குமுன் கிராம சபைப் பக்கமே போனதில்லையாம். தீர்மான நோட்டில் ஏறிவிட்டது என்று மறுநாள் காலை வழிபாட்டுக்கு முன்பே ஓடிவந்து சொன்னாள்.

—

டீச்சர், என் அனுபவம் இது: நான் கல்லூரியில் படித்தபோது கலாம் ஐயா வந்தார். பேச்சைவிட அவர் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியதுதான் மனதில் இருக்கிறது. உறுதிமொழியை வரிவரியாகச் சொல்லி, நாங்கள் திருப்பிச் சொல்லக் காத்திருப்பார். எனக்கு மைக் வரவில்லை. ஆனால் அன்று கேட்க நினைத்ததை ஹாஸ்டலில் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தோம்.

—

டீச்சர், குழாய் என்ன ஆச்சு? எங்கள் ஊரில் தீர்மானம் ஏறும், வேலை நடக்காது. அதனால்தான் கேட்கிறேன்.

—

முதலில் ஒன்றும் நடக்கவில்லை சார். குடியரசு தினக் கிராம சபைக்கு அம்மாவும் மகளும் மறுபடி போனார்கள், முந்தைய தீர்மானத்தின் எண்ணோடு. இந்தமுறை தெருவிலிருந்து இன்னும் நாலைந்து பெண்கள் கூடப் போனார்கள். கோடைக்கு முன் குழாய் மாற்றினார்கள். அந்தத் தெருக்காரர்கள் இப்போது தெருவிளக்குக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.