ஏசிஎல் (முழங்காலுக்குள் இருக்கும் ஒரு ஜவ்வு) அறுவைக்குப் பின் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றவர்கள் எழுதுங்கள்

கபடிக்காரர்:
அறுவை முடிந்து ஐந்தாம் மாதம். தொடைச் சுற்றளவு இரு கால்களிலும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதால், அடுத்த மாதமே களத்தில் இறங்கலாம் என்று நம்பியிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நின்றேன். பிறகு கண்ணை மூடச் சொன்னார். நல்ல கால் அசையாமல் நின்றது. அறுவை செய்த காலிலோ மூன்று நொடிக்குள் சுவரைப் பிடித்துவிட்டேன். வலி துளியும் இல்லை. முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. கிழிந்த ஜவ்வோடு அதிலிருந்த உணர்வு நரம்பு முனைகளும் போய்விட்டன என்றும், பொருத்திய நார் மூட்டை இழுத்துப் பிடித்தாலும் பழைய ஜவ்வைப் போல மூளைக்குச் சேதி அனுப்பாது என்றும் அவர் விளக்கினார். அத்தனை நாளும் கண்ணை நம்பியே நடந்திருக்கிறேன்.

இரண்டு முறை அறுவை கண்டவர்:
நரம்பு முனைகள் போய்விட்டன என்பதோடு நிறுத்துவது சரியல்ல. மூட்டுறையிலும் தோலிலும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தசைகளுக்குள்ளும் உணரிகள் மிச்சமிருக்கின்றன. அவற்றைக் கொண்டு மூளை புதிதாகக் கற்றுக்கொள்கிறது. முதல் வாரத்தில் முன்தொடையை இறுக்கச் சொன்னபோது, நான் பார்த்துக்கொண்டே இருந்தும் தசை அசையவில்லை. வீட்டில் அதைப் பயம் என்றார்கள். உண்மையில், மூட்டில் நீர் கோத்தால் அங்கிருந்து போகும் உணர்வுச் சேதியே தண்டுவடத்தில் அந்தத் தசையை அடக்கிவிடுகிறது. முழங்காலின் உட்பக்கத் தொடைத்தசை அடங்க 20 முதல் 30 மில்லி நீரே போதும் என்று 1984இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே முதலில் வீக்கத்தை வற்றவிடுங்கள். பிறகு, முழங்காலை நேராக வை என்று உங்களுக்கே கட்டளையிடாமல், தரையில் சாக்பீஸால் ஒரு குறி போட்டு அதில் பாதம் பதியும்படி குதியுங்கள். கவனம் உடலுக்கு வெளியே இருக்கும்போது அசைவு இயல்பாகப் படிகிறது. அதையே ஐம்பது முறை செய்யாமல் திசையையும் வேகத்தையும் தரையையும் மாற்றுங்கள். கபடி என்றால், கடைசி நொடியில் ஒருவர் இடமா வலமா என்று கூவட்டும். அறுவை முடிந்து 9 மாதம் ஆகும் முன்பே களமிறங்குவோருக்கு ஜவ்வு மறுபடி கிழியும் ஆபத்து கூடுதல் என்பதால், ஆறாம் மாதக் கனவைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பள்ளி ஆசிரியை:
மேலே உள்ளவர் சொல்வதை எல்லாருக்கும் பொதுவாக்க வேண்டாம். நான்காம் மாதத்தில் அப்படி மாற்றி மாற்றிக் குதித்துத்தான் என் மூட்டு மறுபடி வீங்கி, தொடை மீண்டும் அடங்கிப்போனது. அறுவை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பகலில் ஒரு குறையும் தெரிவதில்லை. ஆனால் மின்சாரம் போன இரவுகளில் மாடிப்படிகளை இன்னும் எண்ணித்தான் இறங்குகிறேன். அது மாறியவர்கள் யாரேனும் இருந்தால், எத்தனை மாதத்தில் மாறியது என்று எழுதுங்கள்.