சேவ் ஸ்டேட் போட்டு முடிச்ச நிஞ்சா கெய்டனைக் கணக்குல சேர்க்காதீங்க

எட்டுபிட்_ஏகன்:
நேத்து ஒருத்தர் "ரொம்ப நாளா பாக்கி கிடந்த பழைய கேம் எல்லாம் தீர்த்தாச்சு"ன்னு பட்டியல் போட்டிருந்தார். மெகா மேன் 2, பேட்டில்டோட்ஸ், நிஞ்சா கெய்டன்னு வரிசையா. அடியில சின்னதா "கஷ்டமான இடத்துல மட்டும் சேவ் ஸ்டேட்". அதாவது ஆடற நொடியை அப்படியே சேமிச்சு வச்சு, செத்தா அங்கேர்ந்தே தொடர்றது. படிச்சதுமே பத்திக்கிட்டு வந்துச்சு. மத்ததை விடுங்க. நிஞ்சா கெய்டன்ல கடைசி பாஸ்கிட்ட, அதாவது பெரிய வில்லன்கிட்ட செத்தா, ஆறாவது ஆக்ட்டோட (கட்டத்தோட) முதல் பகுதியான 6-1க்குத் தூக்கிப் போடும். அங்கேர்ந்து மறுபடி ஏறி வர்றதுதான் அந்த கேமோட உயிர். 6-2ல ஓரடி பின்வாங்கினா போதும், திரையோரத்துல அதே எதிரி திரும்ப முளைப்பான், பறவை வந்து பள்ளத்துல தள்ளிவிடும். அதைப் படாதவங்க பட்டியல்ல அந்தப் பேரு எதுக்கு?

ரீவைண்ட்_ராணி:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேர் சொல்லியே திட்டலாம், பயப்பட வேண்டாம். முதல் 5 ஆக்ட்டும் ஒரு ஸ்டேட்கூட இல்லாம ஆடினேன். 6-3 வரைக்கும் கைத்திறமையிலதான் வந்தேன். பாஸ் அறை வாசல்ல மட்டும் ஒரு ஸ்டேட். அதுக்கு இவ்வளவு பெரிய பஞ்சாயத்தா?

எட்டுபிட்_ஏகன்:
அப்போ 6-1க்குத் திரும்பல. நான் கேட்டது அது ஒண்ணுதான்.

பிக்சல்_பித்தன்:
ஏகன், பாதியை மட்டும் சொல்றீங்களே. 6-1க்கு அனுப்பும், சரி. ஆனா ஒருதடவை வீழ்த்தின பாஸ் திரும்ப வரமாட்டான். கடைசியில வரிசையா வர்ற பாஸ்கள்ல முதல் ஆளான முகமூடிக்காரனை முடிச்சுட்டா, அடுத்த முறை நேரா அடுத்தவன் ஜாக்கியோதான். உயிரெல்லாம் போனாலும் தொடர்ந்து ஆட விடற கண்டினியூவுக்கும் அளவே கிடையாது. அந்த கேமே உங்க முன்னேற்றத்துல ஒரு பங்கைப் பத்திரமா வச்சுத் தருது. ராணி மிச்சத்தையும் வச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

எட்டுபிட்_ஏகன்:
கேம் தர்றது வேற, நாமளா எடுத்துக்கறது வேற. ஆக்கினவங்க எதைத் தரணும், எதைத் தரக்கூடாதுன்னு யோசிச்சு வச்சிருக்காங்க. பாஸைத் திரும்ப எழுப்பல, ஆனா 6-1ஐ வச்சாங்க. வேணும்னேதான் வச்சாங்க. அதை ஒரு பொத்தானை அமுக்கி அழிச்சுட்டு "தீர்த்தாச்சு"ன்னு எழுதினா, 6-1லேர்ந்து ராத்திரி முழுக்க ஏறி வந்தவனுக்கு என்ன மரியாதை?

நிதானி:
ஒரு யோசனை. சேவ் ஸ்டேட்னா அந்த நொடியில நினைவகத்துல இருக்கறதை அப்படியே படம் பிடிச்சு வைக்கறது. நின்டென்டோவோட பழைய வீட்டு மெஷினான என்இஎஸ்ஸோட நினைவகமே 2 கிலோபைட்தான், அதனாலதான் இது இவ்வளவு சுலபமா நடக்குது. ரீவைண்டும் அதே மாதிரி வரிசையா எடுத்த படங்கள்தான். பட்டியல்ல பேருக்குப் பக்கத்துல "ஸ்டேட்டோட", "ஸ்டேட் இல்லாம"ன்னு ரெண்டு குறி போட்டுட்டா யாருக்கும் சண்டை இல்லையே. க்ரோனோ ட்ரிகர்ல கேமே சேவ் பண்ண விடுது, அதை யாரும் கேக்கறதில்ல. முதல்ல எதை முடிச்சதா எடுத்துக்கறதுன்னு பேசிக்கலாமா?

பிக்சல்_பித்தன்:
அது இருக்கட்டும் நிதானி. ஏகனுக்கு ஒரு கேள்வி. போன வருஷம் காண்ட்ரா முடிச்சதா மார்தட்டினீங்களே, ரகசியப் பொத்தான் வரிசையை (கோடு) அமுக்கி வாங்கின 30 உயிரோடதானே?

எட்டுபிட்_ஏகன்:
அந்தக் கோடு கேட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கு. கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986ல க்ரேடியஸ்ங்கற கேமை வீட்டு மெஷினுக்கு மாத்தும்போது, சோதிச்சுப் பார்க்க ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு தானே வச்ச கோடு. அதுதான் காண்ட்ராவுக்கும் வந்துச்சு. ஆக்கினவங்க கொடுத்தது. பழைய மெஷின் மாதிரியே நடந்துக்கற மென்பொருளான எமுலேட்டரோட சேவ் பொத்தானோட அதைச் சேர்க்காதீங்க.

ரீவைண்ட்_ராணி:
ஆக்கினவருக்கே கஷ்டமா இருந்தா கோடு, எங்களுக்குக் கஷ்டமா இருந்தா அவமானமா? சூப்பர் நின்டென்டோ க்ளாசிக் மினியில 2017ல நின்டென்டோவே ரீவைண்ட் வச்சு வித்துச்சு. அதுவும் கொடுத்ததுதானே? நிஞ்சா கெய்டனையே எடுத்துக்குங்க. 1995ல சூப்பர் நின்டென்டோவுக்கு மூணு பாகமும் சேர்ந்து வந்தப்ப பாஸ்வேர்ட் வச்சாங்க. மூணாம் பாகம் ஜப்பான்ல எத்தனை கண்டினியூ வேணும்னாலும் கொடுத்துச்சு, அமெரிக்காவுக்கு வரும்போது அஞ்சாக் குறைச்சாங்க. இதுல எந்தக் கஷ்டம் வேதம்?

எட்டுபிட்_ஏகன்:
மூணாம் பாகத்தை நான் பேசவே இல்ல. 1988ல வந்த முதல் பாகம். 6-1.

கேட்ரிட்ஜ்_கதிர்:
ஏகன் சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா பேட்டில்டோட்ஸை அவர் விட்டுட்டார். அதுல கண்டினியூ கணக்குப் போட்டுத்தான் தருவாங்க. மூணாவது கட்ட டர்போ டனலையே ஸ்டேட் போட்டுத் தாண்டியிருந்தா அப்புறம் என்ன மிச்சம்?

ரீவைண்ட்_ராணி:
கதிர், நானும் தங்கச்சியும் சேர்ந்து ஆடினோம். என்இஎஸ்ல ரெண்டு பேர் ஆடினா 11ஆவது கட்டத்துல ரெண்டாவது ஆளோட கட்டுப்பாடு வேலையே செய்யாது. அது கேமோட கோளாறு. அதையும் "ஆக்கினவங்க யோசிச்சு வச்சது"ன்னு கும்பிடணுமா?

கேட்ரிட்ஜ்_கதிர்:
நான் மூணாவது கட்டத்தைக் கேட்டேன், நீங்க 11க்குத் தாவிட்டீங்க.

பிக்சல்_பித்தன்:
ஏகனோட பழைய படம் ஒண்ணு ஞாபகம் வருது. குழாய் டிவி முன்னாடி கேட்ரிட்ஜைப் பிடிச்சுக்கிட்டு "அசல் மெஷின், அசல் திரை"ன்னு போட்டிருந்தார். அந்த அட்டையில "ஷேடோ வாரியர்ஸ்"னு இருந்துச்சு. ஐரோப்பாவுல நிஞ்சா கெய்டனுக்கு வச்ச பேரு அது. அப்போ மெஷின் ஐரோப்பிய டிவிக்கான பால் (PAL) வகை, 50 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 50 தடவை மாறும். அந்த மெஷின்ல பல கேம் அமெரிக்க, ஜப்பான் மெஷின்களோட 60 ஹெர்ட்ஸை விட ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடும். எங்க சட்டைக் காலரைப் பிடிக்கறதுக்கு முன்னாடி இதுக்குப் பதில் சொல்லுங்க.

எட்டுபிட்_ஏகன்:
ரெண்டு வருஷமா இதே படத்தைச் சுமந்துக்கிட்டுத் திரியறீங்களா பித்தன்? அன்னைக்கு என் டிவியைப் பத்திக் கிண்டல் பண்ணினதும் நீங்கதான், நான் மறக்கல. பால் மெஷினா இருந்தாலும் கடைசி பாஸ்கிட்ட செத்தா 6-1தான். நான் 6-1க்குத் திரும்பினேன். பலமுறை திரும்பினேன். ராணி திரும்பல. இதை எந்த ஹெர்ட்ஸும் மாத்தாது.

பிக்சல்_பித்தன்:
மெதுவா ஓடுச்சா இல்லையா?

நிதானி:
ரெண்டு குறி போடலாம்னு சொன்னேனே, யாராவது பார்த்தீங்களா?

ரீவைண்ட்_ராணி:
என் பட்டியல் மாறாது. வேலை முடிஞ்சு கிடைக்கற நேரத்துல ஒரு கதையோட முடிவைப் பார்க்கணும்னு ஆடறேன், பார்த்துட்டேன், எழுதிட்டேன். அடுத்தது கோஸ்ட்ஸ் அண்ட் கோப்ளின்ஸ். அதையும் ஸ்டேட் போட்டுத்தான் ஆடுவேன்.

எட்டுபிட்_ஏகன்:
அதுல முதல் சுற்று முடிஞ்சதும் எல்லாம் மாயைன்னு சொல்லி மறுபடி முதல்லேர்ந்து ஆட வைக்கும். ரெண்டாவது சுற்றையும் ஸ்டேட் இல்லாம முடிச்சாதான் கணக்கு. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் பட்டியலோட வராதீங்க.

பிக்சல்_பித்தன்:
50 ஹெர்ட்ஸுக்குப் பதில் இன்னும் வரல.