8 ஜிபி ராமில் 20 அடி பேனர்: வழி சொல்லுங்கள்

வணக்கம். மண்டபம் ஊரில் சிறிய பேனர் வடிவமைப்புக் கடை வைத்திருக்கிறேன். ஏர்வாடி சந்தனக்கூடு விழாவுக்காக 20 அடிக்கு 10 அடியில் ஒரு வரவேற்புப் பேனர். படத்தின் ஏழாவது அடுக்கை (லேயர்) சேர்த்ததும் திரை வெளுத்தது, மவுஸ் உறைந்தது, நினைவகம் போதவில்லை என்று சொல்லிவிட்டு மென்பொருள் மூடிக்கொண்டது. இரண்டு மணி நேர உழைப்பு கடலில் கரைத்த பெருங்காயம்!

பிறகுதான் கணக்குப் போட்டேன். 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) என்றால் 36,000க்கு 18,000 பிக்சல். அச்சுக்கான நான்கு நிற சிஎம்ஒய்கே முறையில் பிக்சலுக்கு 4 பைட். ஒரு முழு லேயருக்கே ஏறத்தாழ 2.6 ஜிபி. 72 டிபிஐக்கு இறக்கினால் 600 எம்பிதான். தூரத்தில் நின்று பார்க்கும் பேனருக்கு அது போதும் என்பது என் கட்சி. வாடிக்கையாளரோ திரையில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்க்கிறார்.

நினைவக அட்டையான ராமைக் கழற்றியும் பார்த்தேன். உப்புக்காற்றில் அதன் தங்கநிறப் பற்கள் கறுத்திருந்தன. ரப்பரால் தேய்த்து மாட்டினேன், உறைவது நிற்கவில்லை.

இனி என் கேள்வி. ராம் மாட்டும் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது. இருப்பது டிடிஆர்4 வகை ராம், 2400 வேகம். அதனோடு 3200 வேக ராமைச் சேர்த்தால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும் என்பது தெரியும்; கணினி அடிக்கடி நின்றுபோகுமா? ஸ்க்ராட்ச் டிஸ்க் (ராம் போதாதபோது மென்பொருள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் வட்டு இடம்) இப்போது பழைய ஹார்ட் டிஸ்கின் சி டிரைவில் இருக்கிறது. அதை வேகமான எஸ்எஸ்டி வட்டுக்கு மாற்றுவது முதல் வேலையா, ராம் வாங்குவதா? கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். இதே வேலை செய்கிறவர்கள் சொன்னால் நல்லது; வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.