நேர்கோடு வட்டத்தை வெட்டுதோ, தொடுதோ? ரெண்டு முறையில ரெண்டு விடை வருது

சாவகச்சேரிப் பிள்ளை:
உயர்தர இணைந்த கணிதம். ஆள்கூற்றுக் கேத்திரகணிதத்தில ஒரு கணக்கில நிண்டுட்டன். கோடு 3எக்ஸ் + 4வை = 43. வட்டத்தில பிரதியிட்டுச் செய்தால் தன்மைகாட்டி (இருபடிச் சமன்பாட்டுக்கு எத்தினை மூலம் எண்டு காட்டுறது) பூச்சியம் வருது, அப்ப தொடலி, அதாவது ஒரே ஒரு புள்ளியில தொடுற கோடு. மையத்திலயிருந்து செங்குத்துத் தூரம் எடுத்தால் 1.4, ஆரையோ 8.7க்குக் கிட்ட. அப்பிடியெண்டால் ரெண்டு இடத்தில வெட்டவேணும். திரும்பத் திரும்பச் செய்தும் இதேதான். எது சரி? நாளைக்கு ரியூசனில சோதனை.

கொக்குவில் அண்ணா:
வட்டத்தின்ர சமன்பாட்டைப் போடேல்லையே தங்கச்சி. மையம், ஆரை என்னெண்டு எடுத்தனீங்கள்?

சாவகச்சேரிப் பிள்ளை:
2எக்ஸ்² + 2வை² − 8எக்ஸ் − 12வை − 24 = 0
மையம் (4, 6). ஆரை √(16 + 36 + 24) = √76.

கொக்குவில் அண்ணா:
பிழை அங்கதான் இருக்கு. குணகத்தில அரைவாசி எடுத்து, குறியை மாத்தி மையம் எழுதுற முறை எக்ஸ்², வை² ரெண்டின்ர குணகமும் 1 ஆக இருந்தால்தான் சரிவரும். முதல்ல முழுச் சமன்பாட்டையும் 2 ஆல வகுங்கோ:
எக்ஸ்² + வை² − 4எக்ஸ் − 6வை − 12 = 0
இப்ப மையம் (2, 3). ஆரை √(4 + 9 + 12) = 5.
தூரம் = |3×2 + 4×3 − 43| ÷ √(9 + 16) = 25 ÷ 5 = 5.
தூரமும் ஆரையும் ஒண்டு, அதால தொடலி. பிரதியிட்டது பிழைக்காததுக்குக் காரணம், சமன்பாடு முழுக்க 2 ஆல பெருகி இருந்தாலும் மூலங்கள் மாறாது. அந்த வழியில 25எக்ஸ்² − 250எக்ஸ் + 625 = 0 வரும், அதாவது (எக்ஸ் − 5)² = 0. தொடுபுள்ளி (5, 7).

கோப்பாய், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
பிள்ளை ரெண்டு முறையாலயும் செய்து பார்த்தது நல்ல பழக்கம், விடாதேங்கோ. ரெண்டும் ஒத்துவராட்டில், முதல்ல மையத்தையும் ஆரையையும் சந்தேகப்படுங்கோ. கிராப் தாளில பருமட்டா ஒரு படம் கீறினாலே பிடிபட்டிருக்கும்: (5, 7) ஐ வட்டத்தின்ர சமன்பாட்டில போட்டால் பூச்சியம் வருது, ஆனால் நீங்கள் கீறின வட்டத்துக்கு அந்தப் புள்ளி நல்லா உள்ளுக்க கிடக்கும்.

வெட்டுதோ இல்லையோ எண்டு மட்டும் கேட்டால் தூரமே போதும். ஆரையை விடக் குறைஞ்சால் ரெண்டு புள்ளி, கூடினால் சந்திக்காது. வெட்டுற புள்ளியளைக் கேட்டால்தான் பிரதியிடவேணும். நாணின்ர நீளம் கேட்டாலும் புள்ளி தேடி மினக்கெடாதேங்கோ. உதாரணத்துக்கு இதே வட்டத்துக்கு 3எக்ஸ் + 4வை = 33 ஐ எடுங்கோ. தூரம் 3, ஆரை 5, அப்ப அரை நாண் 4, நாண் 8. பைதகரசோட முடிஞ்சுது.

சாவகச்சேரிப் பிள்ளை:
நல்லா விளங்கிட்டுது, பெரிய நன்றி அண்ணா, சேர். இன்னுமொண்டு. 3எக்ஸ் + 4வை = கே எண்டு தந்து, கோடு இதே வட்டத்தைத் தொட கே என்னெண்டு கேட்டால் 43 மட்டும்தானே?

கோப்பாய், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
இல்லைப் பிள்ளை. |18 − கே| = 25. அந்த மட்டுக் குறியை விட்டுட்டு எழுதித்தான் கனபேர் புள்ளி இழக்கிறவை. 18 − கே = −25 எண்டால் 43, 18 − கே = 25 எண்டால் −7. ஒரே சாய்வுக்கு வட்டத்தின்ர இந்தப் பக்கம் ஒரு தொடலி, அந்தப் பக்கம் ஒரு தொடலி. கே −7க்கும் 43க்கும் இடையில இருந்தால் கோடு ரெண்டு புள்ளியில வெட்டும், அதுக்கு வெளியில போனால் வட்டத்தில படவே படாது. −7க்குத் தொடுபுள்ளி எதெண்டு கண்டுபிடிச்சு எழுதுங்கோ பார்ப்பம்.

சாவகச்சேரிப் பிள்ளை:
(−1, −1) சேர். (5, 7) க்கும் இதுக்கும் நடுப்புள்ளி எடுத்தன், மையம் (2, 3) சரியா வருது.