புகை மணக்கும் மால்ட், கைக்கு எட்டும் விலையில்

பணி நிமித்தமாகக் கிளாஸ்கோவில் குடியேறிய முதல் குளிர்காலத்தில், சக ஊழியர் ஒருவரின் வீட்டில் லஃப்ராய்க் 10 ஆண்டு விஸ்கியை முகர்ந்தபோது, பள்ளிப் பருவத்தில் முழங்காலில் சிராய்த்துக்கொண்டால் தடவிவிடுவார்களே, அந்த டிஞ்சரின் நெடிதான் மூக்கில் ஏறியது. இதையும் காசு கொடுத்து வாங்குவார்களா என்று வியந்த நானே அடுத்த மாதம் ஒரு புட்டி வாங்கினேன்.

அந்த நெடிக்குக் காரணம் பீட். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முழுதும் மட்காமல் படிந்து கிடக்கும் தாவரப் படிவத்தை வெட்டி உலர்த்தி, முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, காயவைக்கும் சூளையில் எரிப்பார்கள். அப்போது புகையிலுள்ள ஃபீனால்கள் என்ற மணச் சேர்மங்கள் ஈரத் தானியத்தில் ஒட்டிக்கொண்டு, வடித்த பின்னும் ஓரளவு தங்கிவிடுகின்றன. ஆர்ட்பெக் விஸ்கிக்கு 55 பிபிஎம் (பத்து லட்சத்தில் 55 பங்கு ஃபீனால்), லகவூலின் விஸ்கிக்கு 35 பிபிஎம் என்று சொல்லப்படும் கணக்கெல்லாம் மால்ட்டில் அளந்தது. புட்டிக்குள் இருப்பது அதைவிடக் குறைவு. எண்ணைப் பார்த்து வாங்கி ஏமாந்த அனுபவம் எனக்கு உண்டு.

ஸ்காட்லாந்தில் மலிவு என்பதற்கே ஒரு தரைமட்டம் உண்டு. 2024 செப்டம்பர் இறுதி முதல் மதுவின் ஓர் அலகுக்கு (10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால்) குறைந்தது 65 பென்ஸ் என்று சட்டம் இருப்பதால், 40 விழுக்காடு வலிமையுள்ள 70 சென்டிலிட்டர் புட்டியை 18 பவுண்டு 20 பென்ஸுக்குக் கீழே விற்க முடியாது. எனவே நான் மலிவு என்று குறிப்பிடுவது அதற்கு மேலே, 40 பவுண்டுக்குள் கிடைப்பவற்றை.

அவற்றில் எனக்கு முதலில் பிடிபட்டது ஆர்ட்மோர் லெகசி. 1898இல் தொடங்கிய ஆர்ட்மோர் வடிசாலை, புகை விஸ்கிக்குப் பெயர்போன ஐலா தீவைச் சேர்ந்ததன்று. கிழக்கே அபர்டீன்ஷயரில் உள்ளது. அதன் புகையில் டிஞ்சரும் கடற்பாசியும் இல்லை. மழைநாளில் விறகடுப்பை அணைத்த பிறகு சமையலறையில் மிஞ்சும் மணமே இருக்கிறது. நம்மூரில் டீச்சர்ஸ் என்ற கலவை விஸ்கியை அருந்தியவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாக இராது, ஏனெனில் அந்தக் கலவையின் மைய மால்ட் விஸ்கி இதுதான்.

ஆனால் என் எண்ணத்தை மாற்றியது, பல்பொருள் அங்காடி ஒன்றில் வாங்கிய, வடிசாலையின் பெயரோ வயதோ குறிப்பிடாத ஓர் ஐலா மால்ட் விஸ்கி. லகவூலின் 16 ஆண்டு விஸ்கியின் பாதி விலைகூட இல்லை. இரண்டையும் அருகருகே ஊற்றிப் பார்த்தபோதோ, மலிவானதில்தான் புகை முரட்டுத்தனமாக எழுந்தது. பீப்பாயில் ஆண்டுகள் கூடக் கூடப் புகை தணிந்து மற்றச் சுவைகளோடு கலந்துவிடும் என்பதால், இளம் விஸ்கியில் அது மூர்க்கமாக இருப்பது இயல்பே. லகவூலினில் நான் கூடுதலாகப் பெற்றது உலர்பழ இனிப்பும், விழுங்கிய பின் நெடுநேரம் நிற்கும் சுவையும். புகைக்காக மட்டும் குடிப்பவர் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

*

மேலே எழுதியவரோடு ஒத்துப்போகிறேன். ஆனால் வயதைவிட வலிமையை முதலில் பாருங்கள் என்பேன். மல் தீவின் டோபர்மோரி வடிசாலை, புகையூட்டிய தன் மால்ட் விஸ்கியை லெட்சிக் என்ற பெயரில் வெளியிடுகிறது. அதன் 10 ஆண்டு விஸ்கி 46.3 விழுக்காடு வலிமை, சுவை தரும் எண்ணெய்ப் பொருள்கள் போகும்படி குளிரூட்டி வடிகட்டாதது. 40 விழுக்காட்டுப் புட்டிகளில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டாலே சுவை நீர்த்துப்போகிறது. இதுவோ ஒரு தேக்கரண்டித் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு, மிளகும் உப்புமாக விரிகிறது. நான் கோப்பையைக் கீழே வைத்த சிறிது நேரத்தில், அடுத்த அறையிலிருந்து என் மனைவி வந்து, கருவாடு சுடுகிறீர்களா என்று கேட்டார். ஒருவகையில் அது சரியான மதிப்பீடு.

*

மேலே எழுதிய இருவரும் சொல்லாத ஒன்று: புகை விஸ்கியைத் திறந்துவிட்டால் அதிக நாள் வைக்காதீர்கள். கால்பங்கு மிஞ்சிய ஒரு புட்டியை ஏழு மாதம் அலமாரியில் விட்டுவைத்தேன். பிறகு அதில் மால்ட்டின் இனிப்பு இருந்தது, புகை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. இப்போதெல்லாம் பாதி தீர்ந்ததும், கழுவிக் காயவைத்த சிறு மருந்துக் குப்பிகளில், காற்றுக்கு இடமின்றி விளிம்புவரை நிரப்பி வைக்கிறேன். லஃப்ராய்க்கை அப்படி வைத்தபோது, வீட்டில் யாரும் அதை விஸ்கி என்றே சந்தேகிக்கவில்லை.